வண்டியின் மூளையில் கை வைக்கலாமா?

மத்ரஸா விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வந்த தாய் ஒருவர், எல்லோரும் போன பிறகும் வாசலில் நின்றிருந்தார். பதுளை நகரத்தை ஒட்டிய பகுதியில் வசிப்பவர். கணவர் மௌத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

"ஹஸரத், ஒரு மார்க்க விசயம் கேக்கணும். விளக்க அணைச்சா அது பொய் சொன்ன மாதிரி ஆகுமா?"

எனக்கு விளங்கவில்லை. எந்த விளக்கு என்று கேட்டேன். அவர் விபரமாகச் சொன்னார்.

மூத்த மகன் பாடசாலை வேன் ஓட்டுகிறார். பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் வழியிலுள்ள வீடுகளிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பதுளைப் பாடசாலைகளுக்கு வருவார். அந்த வருமானத்தில்தான் வீடு நடக்கிறது. டீசல் வேன். பிள்ளைகள் நிறைந்தால் ஏற்றத்தில் இழுக்கச் சிரமப்படும். அறிமுகமான ஒருவர் கொடுத்த கோப்பு ஒன்றை, மகன் தம் மடிக்கணினியால் வேனின் கம்பியூட்டருக்குள் தாமே ஏற்றிவிட்டார். வேன் நன்றாக இழுத்தது, டீசலும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, முன்பலகையில் எஞ்சின் வடிவத்து மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

"இப்ப ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுதிட்டு வந்து, போனால அந்த லைட்ட அணைச்சிட்டுத்தான் வேன எடுக்கிறான் ஹஸரத். ஏன் மகன் எண்டு கேட்டா, பிள்ளைகள்ட வாப்பாமார் கண்டா பயப்படுவாங்க உம்மா எண்டு சொல்றான். எனக்கு மனசு சரியில்ல."

"ராத்தா, வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்றேன். அறியாததை அறிந்தவரிடம் கேட்கும்படிதானே குர்ஆன் நமக்குக் கற்பிக்கிறது. முப்பது வருடமாகக் கராஜ் நடத்தும் ஒரு பாஸிடம் போய் உட்கார்ந்தேன். வாசித்தும் பார்த்தேன். அறிந்துகொண்டதை நம் தாய்மார்களும் சகோதரிகளும் தெரிந்திருப்பது நல்லது என்று எண்ணி எழுதுகிறேன். வண்டி ஆண்களின் விசயம் என்று நீங்கள் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அதில் ஏறிப் போவது உங்கள் பிள்ளைகள்.

எஞ்சினுக்கும் ஒரு சமையல் கணக்கு

சோறு ஆக்கும் தாய், அரிசியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறார். தண்ணீர் கூடினால் குழைகிறது, குறைந்தால் அடிப்பிடிக்கிறது. எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் சேர்வதும் அப்படித்தான். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பழைய வண்டிகளில் இந்த அளவைக் கார்பரேட்டர் என்ற பாகம் பார்த்துக்கொண்டது. பாஸ் காதால் சத்தத்தைக் கேட்டு, ஆணியைத் திருகி அளவு வைப்பார். அதைத்தான் டியூனிங் என்றார்கள்.

இப்போது அந்த வேலையை வண்டிக்குள் இருக்கும் கம்பியூட்டர் செய்கிறது. காற்று எவ்வளவு வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்துகிறார், புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பல உணரிகள் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. அவற்றைப் பார்த்து, ஒரு விநாடிக்குள் பல தடவை, எவ்வளவு எரிபொருளை எந்த நேரத்தில் தெளிப்பது என்று அது முடிவெடுக்கிறது. அதற்கான அட்டவணைகள் அதன் நினைவில் எழுதப்பட்டுள்ளன. எண்கள் நிறைந்த சமையற் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று டியூனிங் என்று இளைஞர்கள் சொல்வது, அந்த எண்களை அழித்து வேறு எண்களை எழுதுவதைத்தான்.

ஸ்டியரிங்கின் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 ஊசிகள் கொண்ட ஒரு துவாரம் இருக்கும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் இது கட்டாயமாக்கப்பட்டது. பிறகு உலகெங்கும் பரவியது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவியை அதில் செருகினால், வண்டியின் கம்பியூட்டர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாம். கருவி மலிவானது. ஜப்பான் தன் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த சில பழைய வண்டிகள் மட்டும் இதோடு முழுதாகப் பேசமாட்டா.

இங்கே ஒன்றை நன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தத் துவாரத்தின் வழியே கம்பியூட்டரைப் படிக்கலாம், அதில் எழுதவும் செய்யலாம். படிப்பதால் பெரும்பாலும் தீங்கு வராது. எழுதுவது அப்படியல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது பற்றரி இறங்கிவிட்டால், கம்பியூட்டர் பாதி எழுதிய நிலையில் செயலிழந்துவிடலாம். அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. விபரம் தெரிந்தவர்கள் முதலில் பற்றரிக்கு நிலையான மின்சாரம் கொடுத்து, பழைய கோப்பைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்த பிறகுதான் புதியதில் கை வைப்பார்கள்.

மேட்டில் பருப்பு வேகத் தாமதமாவது ஏன்?

கொழும்பிலிருந்து அப்புத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு ஒரு விசயம் தெரியும். அங்கே சீக்கிரம் வெந்த பருப்பு இங்கே நேரம் எடுக்கும். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது.

டீசல் வேனில் டர்போ என்ற பாகம், புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. காற்று மெலிந்த இடத்தில் அதே அளவு காற்றைக் கொடுக்க அது இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அளவுக்கு மிஞ்சிச் சுழன்றால் அதன் தண்டு தேய்ந்துபோகும். அதனால் வண்டியைச் செய்தவர்கள், மேட்டில் எவ்வளவுதான் அழுத்தினாலும் இதற்கு மேல் போகாதே என்று ஓர் எல்லையைக் கம்பியூட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பலம் கூட்டும் கோப்புகளில் முதலில் தளர்த்தப்படுவது இத்தகைய எல்லைகள்தாம்.

கோப்பைத் தயாரித்தவர் எங்கோ ஒரு சமவெளியில், குளிர்நாட்டில், வேறு தரத்து எரிபொருளில், ஆள் ஏற்றாத வண்டியில் ஓட்டிப் பார்த்திருப்பார். அவர் நமுனுகுல மலையைக் கண்டதில்லை. பதினைந்து பிள்ளைகளும் அவர்களுடைய புத்தகப் பைகளும் நிறைந்த வேன் பசறைப் பாதையில் இரண்டாம் கியரில் ஏறுவதை அவர் நினைத்தும் பார்த்திருக்கமாட்டார். "டீசல் கூடினா புகை சூடாகும், புகை சூடானா டர்போ போகும், பிஸ்டனும் உருகும். முதல் மாசம் நல்லா இழுக்கும். அதான் ஏமாத்தம்" என்றார் பாஸ்.

கியரிலும் கம்பியூட்டர்

ஓட்டோமெட்டிக் வண்டிகளில் கியர் மாற்றுவதற்கும் ஒரு கம்பியூட்டர் உண்டு. எந்த வேகத்தில் மாற்றுவது, கிளச்சை எவ்வளவு மெதுவாகப் பிடிப்பது என்பதெல்லாம் அதன் கணக்கு. இளைஞர்கள் இதிலும் கை வைக்கிறார்கள். சிலர் கியர் மாறும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். சிலர் அது கற்று வைத்திருக்கும் அளவுகளைக் காரணமில்லாமல் அழித்துவிட்டு, மறுபடி கற்கச் செய்கிறார்கள்.

இது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் உதாரணம். ஹொண்டா நிறுவனம் 2013இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபிட் ஹைபிரிட் காரையும், அதே வகைக் கியர் பொருத்திய வெசல் ஹைபிரிட் காரையும், 2013 கடைசியிலிருந்து 2014 வரை பலமுறை திருப்பியழைத்துத் திருத்த வேண்டியிருந்தது. முக்கியமான காரணங்களில் ஒன்று கியரைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர் நிரல். இவ்வகைக் கார்கள் பின்னர் நம் நாட்டுக்கும் நிறைய வந்தன. தாம் செய்த கியருக்குத் தாமே எழுதிய கணக்கைப் பெரும் பொறியியலாளர் படை இத்தனை தடவை திருத்தியிருக்கிறது என்றால், ஓர் இளைஞர் தம் அறையில் ஓர் இரவில் எழுதுவது எம்மட்டு?

நம் மலைநாட்டில் ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து. எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையையும், பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் பாதையையும் நீங்கள் அறிவீர்கள். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். அதனால் கீழ்க் கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட்டு இறங்குவார்கள். கியரின் கணக்கை மாற்றும்போது இந்தப் பிடிப்பும் மாறிவிடக் கூடும். சமதரையில் ஓட்டிப் பார்த்தால் அது தெரியாது. முதல் இறக்கத்தில்தான் தெரியும்.

அறிவு இருந்தும் அமானிதம் இல்லாதபோது

அறிவு இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. இதற்கும் ஓர் உதாரணம் உண்டு.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் டீசல் கார்கள் மிகச் சுத்தமானவை என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கார்களைப் பரிசோதனைக் கூடத்தில் மட்டும் வைத்துப் பார்க்காமல், கருவியைப் பூட்டி வீதியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் குறைவாக இருந்த நச்சு வாயு வீதியில் பல மடங்காக இருந்தது. 2015 செப்டெம்பர் 18இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் உண்மையை வெளியிட்டது. சட்டம் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டுகளை அவை கக்கின.

எப்படி ஏமாற்றினார்கள் தெரியுமா? கம்பியூட்டருக்குள் ஒரு நிரலை ஒளித்து வைத்திருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழலும், ஆனால் ஸ்டியரிங் திரும்பாது. இதையும் வேகம், நேரம் போன்றவற்றையும் வைத்து, இப்போது நம்மைப் பரிசோதிக்கிறார்கள் என்று கார் அறிந்துகொள்ளும். உடனே ஒழுங்காக நடக்கும். வீதிக்கு வந்ததும் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். உலகம் முழுதும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வண்டிகளில் இந்த ஏமாற்று இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதன் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் சில நாட்களுக்குள் பதவி விலகினார்.

ஆள் பார்க்கும்போது ஒரு முகம், பார்க்காதபோது வேறொரு முகம். இதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நாமும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பரிசோதனைக்கு முதல் நாள் டீசல் அளவைக் குறைத்து, பத்திரம் கைக்கு வந்ததும் பழையபடி கூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரும்புகை போவது, பாதையோரத்து லயன் வீட்டில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள். இன்னும் சிலர் இதே துவாரத்தின் வழியாகவோ, முன்பலகையைக் கழற்றியோ, வண்டி ஓடிய கிலோமீற்றர் கணக்கையே குறைத்து எழுதி விற்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வண்டிகள் பல கை மாறின. எத்தனை ஏழைக் குடும்பங்கள் பொய்க் கணக்கை நம்பி நகையை விற்று வாங்கினவோ, அல்லாஹ்வே அறிவான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலாவது, அறியாத தொழிலில் கை வைப்பது. மருத்துவத்தில் தேர்ச்சியுள்ளவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மற்றவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் இதிலிருந்து நாம் பாடம் பெறலாம். நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்பது பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

இரண்டாவது, குறையை மறைப்பது. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இச்செய்தி நமக்குப் பழக்கமானதே. நனைந்தது வியாபாரியின் குற்றமல்ல. அதை அடியில் வைத்ததுதான் குற்றம்.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. பழுதைத் திருத்திவிட்டு விளக்கை அணைப்பது தவறல்ல, பாஸ்மாரும் அதைச் செய்கிறார்கள். பழுது இருக்க, மற்றவர் காணாதிருப்பதற்காக அணைப்பது ஈரத் தானியத்தை அடியில் வைப்பது போன்றது. பிள்ளையை ஏற்றிவிடும் தாய் தகப்பன் அந்தப் பிள்ளையை அமானிதமாகவே ஒப்படைக்கிறார்கள்.

மூன்றாவது, முயற்சி இல்லாத தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மேல் பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் சொன்னதைத் திர்மிதீயில் காண்கிறோம். பிரயாண துஆ ஓதுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். கூடவே, எரியும் விளக்கையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளைகள் இந்த வித்தையைக் கற்கவே கூடாதா? அப்படி நான் சொல்லமாட்டேன். இது நல்ல தொழில், இனிவரும் காலத்துக்குத் தேவையான தொழில். முதன்முதலாக இறங்கிய வஹியில் ஓதும்படி கட்டளை வந்தது, அதன் பின்னரே எழுதுகோலைக் கொண்டு கற்பித்தது பற்றிய செய்தி வந்தது. இந்த வரிசையை நம் பிள்ளைகளும் பேணட்டும். முதலில் வண்டியின் கம்பியூட்டரைப் படிக்கக் கற்கட்டும். தேர்ந்த ஒருவரின் கீழ் இருந்து, காலம் எடுத்து, எழுதக் கற்கட்டும். அதுவும் தம் சொந்த வண்டியில், பிறர் பிள்ளைகள் ஏறாத வண்டியில்.

வீட்டிலிருப்போர் கவனத்துக்கு

ஓட்டத் தெரியாதவர்களும் இவற்றைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

எஞ்சின் வடிவத்து மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், தாமதிக்காமல் பாஸிடம் காட்ட வேண்டும். அது விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்த வேண்டும்.

எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கோ, சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கோ எரிந்தால், பத்திரமான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

விளக்கை அணைத்தாலும் தடயம் இருக்கும். பல வண்டிகளில், எப்போது அழித்தார்கள், அதன்பின் எவ்வளவு ஓடியது என்ற விபரத்தைக் கருவியால் பார்க்கலாம். பழைய வண்டி வாங்கும் முன் தெரிந்த ஒருவரைக் கொண்டு இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கிலோமீற்றர் கணக்கைப் பழைய சர்வீஸ் பற்றுச்சீட்டுகளோடும், மிதிகளும் ஆசனமும் தேய்ந்திருப்பதோடும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டு வண்டியில் யாராவது எழுதுகோல் வைக்கப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய கோப்பு பிரதி எடுத்தாயிற்றா? இந்தக் கோப்பு இந்த வண்டிக்கு, இந்த மேட்டுக்கு என்று எழுதியதா? விற்கும்போது இதை வாங்குபவருக்குச் சொல்வாயா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

வேன் சொன்ன பதில்

என் பதில் அந்தத் தாயைச் சென்றடையுமுன் வேனே பதில் சொல்லிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகளோடு ஏற்றத்தில் வந்த வேன் திடீரென்று பலம் இழந்து நடை வேகத்துக்கு வந்துவிட்டது. காற்றின் அழுத்தம் எல்லை மீறியதைக் கண்ட கம்பியூட்டர், எஞ்சினைக் காப்பாற்றத் தானே பலத்தைக் குறைத்திருக்கிறது. வளைவுக்கு அருகில், பின்னால் லொறி. மகன் எப்படியோ ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிள்ளைகளை இறக்கி, வந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். அல்லாஹ்வின் கிருபையால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

டர்போ தேய்ந்திருந்தது. பழைய கோப்பை அவர் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அதைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்றி, டர்போவும் மாற்றி, வேன் வீதிக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த இளைஞர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். தாய் சொன்னபடி, தோட்டத்து லயன்கள் உட்பட ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நடந்து போய், இன்னது செய்தேன், இன்னது மறைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டன. அது அவர்களது உரிமை. மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். இப்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் முதலில் பெற்றோருக்குச் சொல்கிறார். அன்று வேன் கராஜுக்குத்தான் போகும். கராஜில் மாலை நேரங்களில் பாஸின் பக்கத்தில் நின்று படிக்கவும் தொடங்கியிருக்கிறார்.

பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல அந்தத் தாய் மறுபடி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "அண்டைக்கு நான் கேட்டது சரிதானே ஹஸரத்?" என்றார்.

சரியான கேள்விதான் ராத்தா. ஒவ்வொரு வீட்டிலும் அப்படிக் கேட்க ஒரு தாய் இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்குப் பயன்தரும் கல்வியையும், அதைச் சுமக்கும் அமானிதத்தையும் அல்லாஹ் அருள்வானாக! பாதையில் செல்வோர் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.